சீனத்துச் சித்திரத்துக்குச் சோழமண்டலப் பெயர்!

மரத்தின் பாலைப் பூசிப் பூசிச் செதுக்கிய அதிசயச் சிமிழ்கள். புதுச்சேரிக் கரை கொடுத்த பெயர்

பாரிஸ் நகரத்தில் பழம்பொருள் விற்கும் கடைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஒரு பெரிய மடிப்புத் திரை நிற்கிறது. பன்னிரண்டு பலகைகள். ஆள் உயரத்தையும் தாண்டிய உயரம். கறுப்பு நிறத்தில் கண்ணாடி போல் மின்னுகிறது. அதில் மாளிகைகள், மரங்கள், பறவைகள், குதிரை வீரர்கள். எல்லாம் செதுக்கி வண்ணம் தீட்டியவை. ஒவ்வொரு முகமும் சீன முகம். ஒவ்வொரு உடையும் சீன உடை.

"இதன் பெயர் என்ன?" என்று கேட்டால் கடைக்காரர் என்ன சொல்வார் தெரியுமா?

"கோரமண்டல்!" என்பார்.

கோரமண்டல் என்பது எது? நம் சோழமண்டலக் கரைதான்! சோழமண்டலம் என்ற சொல்லே வெள்ளைக்காரர் வாயில் கோரமண்டல் ஆயிற்று என்பார்கள். சென்னை, புதுச்சேரி, காரைக்கால், நாகப்பட்டினம் எல்லாம் இருக்கும் கரை அது.

செய்தவன் சீனாக்காரன். செய்த ஊர் சீனா. பெயர் மட்டும் நம் ஊர்ப் பெயர். இது எப்படி வந்தது?

நாம் வைத்த பெயர்கள்

நம் வீட்டுச் சாமான்களை முதலில் பாருங்கள். சர்க்கரைக்குச் சீனி என்கிறோம். தீபாவளிக்குக் கொளுத்துவது சீனவெடி. வடை சுடுவது சீனச்சட்டியில். சவரக் கடையில் இருக்கும் படிகாரத்துக்குச் சீனக்காரம் என்றும் பெயர் உண்டு. ஒரு பொருள் எங்கிருந்து வந்ததோ அந்த ஊரின் பெயரை அதற்கு வைப்பது மக்களின் வழக்கம்.

தமிழ்நாட்டுக்கும் சீனாவுக்கும் இருந்த தொடர்பு நேற்று ஏற்பட்டது அல்ல. சீனாவின் சுவான்சௌ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் ஒரு சிவன் கோயில் வைத்திருந்தார்கள். 1281ஆம் ஆண்டில் அங்கே பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945ஆம் ஆண்டு மார்ட்டிமர் வீலர் என்ற ஆராய்ச்சியாளர் தோண்டினார். அங்கே ரோமாபுரிச் சாமான்கள் கிடைத்ததை எல்லாரும் அறிவார்கள். மேல் மண்ணில் சீனத்துப் பச்சைப் பீங்கான் ஓடுகளும் கிடைத்தன. இதைப் பலர் அறியமாட்டார்கள்.

கல் சொல்லும் சாட்சி

சீனத்து அரக்குச் சிமிழ்கள் நம் கடல் பக்கம் வந்ததற்கு ஒரு கல்லே சாட்சி சொல்கிறது.

இலங்கையில் காலி என்ற ஊரில் 1911ஆம் ஆண்டு ஒரு கல்வெட்டு கிடைத்தது. அதில் மூன்று மொழிகள்: சீனம், தமிழ், பாரசீகம். சீனச் சக்கரவர்த்தி யுங்-லோவின் பெயரால் 1409ஆம் ஆண்டில் எழுதியது. செங் ஹோ என்ற கடற்படைத் தலைவர் பெரிய கப்பல்களில் கொண்டுவந்த காணிக்கைகளின் பட்டியல் அதில் இருக்கிறது. தமிழ்ப் பகுதி தென்னாவரத்துப் பெருமாளைத் துதிக்கிறது. சீனப் பகுதி புத்தரைத் துதிக்கிறது.

சீனப் பகுதியில் உள்ள பட்டியல் இது: பொன் காசு 1,000. வெள்ளிக் காசு 5,000. பட்டுத் துணிகள். விளக்குகள். வாசனை எண்ணெய். இவற்றோடு, சிவப்பு அரக்குப் பூசிப் பொன் கோடு இழைத்த வாசனைச் சிமிழ்கள் ஐந்து!

பொன்னுக்கும் பட்டுக்கும் பக்கத்தில், தெய்வத்துக்குக் கொடுக்கத் தகுந்த பொருளாக ஒரு சிமிழை வைத்தார்கள் என்றால் அதன் மதிப்பு எப்படி இருந்திருக்கும்! இன்று அந்தக் கல் கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இது நம் அரக்கு அல்ல

அரக்கு என்றதும் பாரதக் கதையில் வரும் அரக்கு மாளிகை நினைவுக்கு வரும். தபால் முத்திரை வைக்கும் அரக்கும் நினைவுக்கு வரும். அந்த அரக்கைக் கொடுப்பது ஒரு சிறு பூச்சி. மரக்கிளைகளில் கூட்டமாக ஒட்டிக்கொண்டு அது பிசினைக் கக்குகிறது.

சீனத்து அரக்கு வேறு. அது ஒரு மரத்தின் பால். பட்டையில் கீறினால் பால் கசியும். கசியும்போது வெள்ளை. காற்றுப் பட்டதும் பழுப்பாகி, பிறகு கறுக்கும். ஒரு மரம் ஒரு பருவத்தில் கொடுப்பது ஏறக்குறைய ஓர் ஆழாக்குத்தான்.

இந்த மரம் நமக்கு உறவு மரம்! மாமரமும் முந்திரி மரமும் எந்தக் குடும்பமோ, அதே குடும்பம். பண்ணுருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களைக் கேளுங்கள். கொட்டையின் தோட்டில் உள்ள எண்ணெய் பட்டால் கை புண்ணாகும் என்பார்கள். வண்ணார்கள் துணியில் குறி போடும் சேங்கொட்டையும் இதே குடும்பந்தான். அதன் பால் பட்டாலும் தோல் கொப்புளிக்கும். சீனத்து அரக்குப் பாலும் அப்படியே. தொழிலுக்குப் புதிதாக வந்த பையனுக்கு முகமும் கையும் வீங்கிவிடும். பல நாள் அரிப்பு. அதைத் தாங்கிக்கொண்டவன்தான் தொழிலில் நிலைப்பான்.

இன்னொரு விந்தையும் உண்டு. நம் வீட்டில் சாயம் பூசினால் வெயிலில் காய வைப்போம். இந்தப் பால் வெயிலில் இறுகாது. ஈரக் காற்றில்தான் இறுகும்! ஆகவே, பூசிய சாமானை ஈரம் பிடித்த அறையில் மூடி வைப்பார்கள். மழைக்காலத்தில் நமக்குத் துணி காயாது. அவர்களுக்கு அரக்கு இறுகிவிடும்.

இறுகிவிட்டால் அது தண்ணீருக்கு அஞ்சாது. புளிப்புக்கும் அஞ்சாது. பூச்சி அரிக்காது. நூற்றாண்டுகள் நிற்கும்.

நூறு பூச்சு, ஒரு கத்தி

செதுக்கிய சிமிழை எப்படிச் செய்கிறார்கள்?

முதலில் மரத்தில் மெல்லிய சிமிழ் ஒன்று கடைவார்கள். அதன்மேல் பாலைப் பூசுவார்கள். இறுகட்டும் என்று காத்திருப்பார்கள். மறுபடியும் பூசுவார்கள். மறுபடியும் காத்திருப்பார்கள். ஒவ்வொரு பூச்சும் காகிதத்தை விட மெல்லியது. கனமாகப் பூசினால் மேலே தோல் கட்டிக்கொண்டு உள்ளே இறுகாமல் போய்விடும். ஆகையால் அவசரப்பட முடியாது.

நல்ல சிமிழுக்கு நூறு பூச்சு. சிலவற்றுக்கு இருநூறு. பூசுவதற்கே மாதக்கணக்கில் ஆகும். சிவப்பு நிறத்துக்குச் சாதிலிங்கம் என்ற இரசத் தாதுவைப் பொடி செய்து பாலில் கலப்பார்கள்.

போதிய கனம் ஏறியதும் செதுக்குகிறவர் கத்தியை எடுப்பார். அவர் செதுக்குவது மரத்தை அல்ல; பூச்சை! கத்தி எவ்வளவு ஆழம் போகலாம்? அடி மரம் தெரிந்துவிட்டால் வேலை கெட்டது. அதற்கு ஒரு தந்திரம் செய்தார்கள். சிவப்புப் பூச்சுகளுக்கு நடுவே, அடிக்குச் சற்று மேலே, ஒரே ஒரு கறுப்புப் பூச்சு கொடுத்து வைத்தார்கள். கத்தி முனையில் கறுப்பு தெரிந்தால் "இனி நிறுத்து" என்று அர்த்தம்.

கை ஒரு முறை தவறினால் திருத்த வழியில்லை. பெயர்ந்த இடத்தை ஒட்ட முடியாது. பல மாத வேலை ஒரு நொடியில் வீண்.

14ஆம் நூற்றாண்டில் ஜாங் செங், யாங் மாவ் என்ற இருவர் இந்தத் தொழிலில் பெயர் பெற்றவர்கள். சிமிழின் அடியில் ஊசியால் மெல்லியதாகத் தம் பெயரைக் கீறி வைத்தார்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும். யுங்-லோ சக்கரவர்த்தி இப்படிப்பட்ட செதுக்குச் சாமான்களை ஜப்பான் ஆட்சித் தலைவருக்குப் பரிசாக அனுப்பினார். 18ஆம் நூற்றாண்டில் ஆண்ட சியென்-லுங் சக்கரவர்த்திக்கும் இவற்றின்மேல் தீராத ஆசை.

பூவும் வௌவாலும் சொல்லும் சேதி

இந்தச் சிமிழ்களில் உள்ள சித்திரங்கள் வெறும் அழகுக்காகச் செதுக்கியவை அல்ல. ஒவ்வொன்றும் ஓர் ஆசீர்வாதம்.

மூடியில் பீச் பழம் இருந்தால் "நீண்ட ஆயுள் உண்டாகட்டும்" என்று பொருள். நாரைக்கும் பைன் மரத்துக்கும் அதே பொருள். பியோனி மலர் இருந்தால் செல்வமும் கௌரவமும். மாதுளம் பழம் பிளந்து விதை தெரிந்தால் நிறையப் பிள்ளைகள். பைன், மூங்கில், பிளம் பூ மூன்றும் சேர்ந்திருந்தால் குளிர் காலத்தின் மூன்று நண்பர்கள். கஷ்ட காலத்திலும் வாடாதவர்கள் என்று கருத்து. ஐந்து நகம் உள்ள டிராகன் சக்கரவர்த்திக்கு உரியது.

வௌவால் கூட உண்டு! நம் ஊரில் வௌவால் வீட்டுக்குள் நுழைந்தால் விரட்டுவோம். சீனர்கள் அதைச் சிமிழில் செதுக்கினார்கள். ஏன்? சீன மொழியில் வௌவாலுக்கும் பூ என்ற ஓசை. நற்பேற்றுக்கும் பூ என்ற ஓசை. ஐந்து வௌவால் என்றால் ஐந்து பாக்கியங்கள். மீனுக்கும் மிகுதிக்கும் ஒரே ஓசை. ஆகவே மீன் இருந்தால் வீட்டில் குறைவிராது என்று பொருள்.

இயற்கைக் காட்சி செதுக்கிய சிமிழில் இன்னொரு நுட்பம் பாருங்கள். ஆகாயம், தண்ணீர், தரை மூன்றுக்கும் தனித்தனிக் கோலம். ஆகாயத்துக்கு ஒரு பின்னல். தண்ணீருக்கு அலை. தரைக்குப் பூப்போட்ட கட்டங்கள். அரிசி அகல இடத்திலும் கோலம் மாறாது. கோலம் போடத் தெரிந்த நம் பெண்களுக்கு அந்த உழைப்பு புரியும்.

திரை வேறு, சிமிழ் வேறு

கோரமண்டல் திரை இந்தச் சிமிழுக்குத் தம்பி முறை. அதில் நூறு பூச்சு கிடையாது. மரப் பலகைமேல் செங்கல் பொடி, பன்றி இரத்தம், நார், அரக்குப் பால் எல்லாம் குழைத்து வெளிறிய அடிப்பூச்சுக் கொடுப்பார்கள். அதன்மேல் கறுப்பு அல்லது பழுப்பு அரக்குச் சில பூச்சுகள். பிறகு மேல் தோலை வெட்டி எடுப்பார்கள். பள்ளத்தில் பல வண்ணங்களை நிரப்புவார்கள். ஹுவாங் செங் என்ற அரக்குத் தொழிலாளி 16ஆம் நூற்றாண்டில் எழுதிய நூலில் இந்த முறை சொல்லப்பட்டிருக்கிறது.

சீமைக்குப் போன திரைகளில் பல, காங்-ஷி சக்கரவர்த்தி காலத்தில், அதாவது 1662க்கும் 1722க்கும் இடையில் செய்தவை. பெரியவர்களின் பிறந்த நாளுக்கும் உத்தியோக உயர்வுக்கும் பரிசாகக் கொடுத்தார்கள். வாழ்த்துரையைத் திரையிலேயே செதுக்கினார்கள்.

அவர்களுக்குப் பிடித்த கதை குவோ சி-யி என்ற தளபதியின் பிறந்த நாள். அவர் 697 முதல் 781 வரை வாழ்ந்தவர். பிள்ளைகள், மருமகன்கள், பேரன்கள் எல்லாரும் வரிசையாக வந்து வணங்குகிறார்கள். கிழவர் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். நம் ஊர்ச் சதாபிஷேகம் போலவே இருக்கும்!

புதுச்சேரிக் கடலில்...

இந்தச் சாமான்கள் சீமைக்குப் போன வழிதான் பெயருக்குக் காரணம்.

1664ஆம் ஆண்டில் பிரெஞ்சுக் கம்பெனி தோன்றியது. 1674ஆம் ஆண்டில் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் குடியேறி நகரத்துக்கு அடிகோலினார். வடக்கே சென்னையில் ஆங்கிலேயர் கோட்டை. நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர். சீனாவிலிருந்தும் கீழைத் தீவுகளிலிருந்தும் வந்த சரக்குகள் இந்தக் கரையில் தங்கின. நம் துணி மூட்டைகளோடு சேர்ந்து வேறு கப்பல் ஏறின.

அந்தக் காலத்தில் புதுச்சேரியில் கப்பல் வந்து அணையும் துறை கிடையாது. கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். கயிற்றால் தைத்த சலங்கு என்னும் படகுகளில் ஆட்கள் அலைகளைத் தாண்டிப் போவார்கள். மூட்டையும் பெட்டியும் அந்தப் படகில்தான் இறங்கும், ஏறும். தூப்ளே கவர்னராக இருந்த நாட்களில் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, எது போனது என்பதெல்லாம் அதில் உண்டு. அவருடைய மாளிகை இன்றும் புதுச்சேரியில் நிற்கிறது.

பாரிஸ் வியாபாரிகள் சீனாவைக் கண்டவர்கள் அல்லர். "இது எங்கிருந்து வந்தது?" என்று வாங்குகிறவர் கேட்டால், "கோரமண்டலிலிருந்து" என்றார்கள். 18ஆம் நூற்றாண்டில் அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

இங்கிலாந்தில் வேறு பெயர். சாவகத் தீவில் உள்ள பாண்டம் துறைமுகத்திலிருந்து வந்ததால் "பாண்டம் வேலை" என்றார்கள். பிரான்சில் இன்னொரு வேடிக்கை. 1698ஆம் ஆண்டில் அம்பித்ரீத் என்ற பிரெஞ்சுக் கப்பல் சீனாவுக்குப் போய் 1700ஆம் ஆண்டில் திரும்பியது. அது கொண்டுவந்த அரக்குச் சாமான்களின் அழகைப் பார்த்து, நல்ல அரக்கு வேலைக்கே அந்தக் கப்பலின் பெயரைச் சொல்ல ஆரம்பித்தார்கள்!

கரைக்குப் பெயர் கிடைத்தது. துறைமுகத்துக்குப் பெயர் கிடைத்தது. கப்பலுக்குக்கூடப் பெயர் கிடைத்தது. கை புண்ணாகி உழைத்தவனுக்கு மட்டும் கிடைக்கவில்லை.

பின்னாளில் கப்பல்கள் காண்டன் துறையிலிருந்து நேரே பிரான்சுக்குப் போயின. ஆயினும் பெயர் மாறவில்லை. 1761ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்து நகரத்தை இடித்தார்கள். கோட்டையும் மாளிகைகளும் மண்ணாயின. அப்போதும் பெயர் மாறவில்லை.

வெட்டித் துண்டாக்கினார்கள்!

சீமைக்குப் போன திரைகள் எல்லாம் பிழைக்கவில்லை.

பாரிஸ் தச்சர்கள் அவற்றை அறுத்தார்கள். மேல் தோலை மட்டும் பிளந்து எடுத்து அலமாரியிலும் மேஜையிலும் ஒட்டினார்கள். பெர்னார் வான் ரிசன்பர்க் போன்ற பெயர் பெற்ற தச்சர்களே இதைச் செய்தார்கள். ஒரு திரை பல மேஜைகள் ஆயிற்று. இங்கிலாந்திலும் இதே கதை. 1688ஆம் ஆண்டில் அங்கே வெளிவந்த ஓர் அரக்கு வேலைப் புத்தகம் இதைக் கேலி செய்கிறது. மனிதர்களும் மரங்களும் தலைகீழாக, தாறுமாறாகக் கலந்து கிடந்தனவாம்!

கிழத் தளபதியை வணங்க வந்த மகன் ஒரு மேஜையில். தளபதி இன்னொரு மேஜையில். பிறந்த நாள் வாழ்த்து எங்கே போயிற்றோ!

20ஆம் நூற்றாண்டில் இந்தத் திரைகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர் ஒரு பெண்மணி. பாரிஸில் உடை தைக்கும் தொழிலில் உலகப் புகழ் பெற்ற கோகோ ஷனேல்தான் அவர். முப்பதுக்கு மேற்பட்ட திரைகள் அவரிடம் இருந்தனவாம். சுவர்களைக் கூடத் திரைகளால் மறைத்து வைத்திருந்தார். அவர் 1971ஆம் ஆண்டில் காலமானார். அவருடைய கம்பெனி 2007ஆம் ஆண்டில் ஒரு வாசனைத் திரவியம் வெளியிட்டது. அதன் பெயர் கோரமண்டல்!

உங்கள் அலமாரியில் இருப்பது எது?

புதுச்சேரி, காரைக்கால் வீடுகளில் கறுப்பாக மின்னும் பழைய பெட்டிகள் உண்டு. தாத்தா சைகோனிலிருந்து கொண்டுவந்தது என்பார்கள். பிரெஞ்சு ஆட்சியில் எழுத்தர்களாகவும் சிப்பாய்களாகவும் பலர் சைகோனுக்குப் போனார்கள். அந்தப் பெட்டிகள் பெரும்பாலும் வியட்நாம் வேலை. முட்டை ஓட்டையும் சிப்பியையும் பதித்திருக்கும். செட்டிநாட்டு வீடுகளில் "மரவை" என்று சொல்லும் சாமான்கள் பர்மா வேலை. மூங்கிலைப் பின்னி, அங்குள்ள மரப்பாலைப் பூசி, ஊசியால் கீறி நிறம் தேய்ப்பார்கள். மூன்று நாட்டு மரங்களும் ஒரே குடும்பம். சாமான்களும் உறவுதான்.

இப்போது சீனத்துச் சிவப்புச் சிமிழ் என்று பிளாஸ்டிக் சாமான்களும் விற்கிறார்கள். அச்சில் வார்த்தவை. ஏமாறாமல் இருக்கச் சில வழிகள்:

பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். கத்தி பட்ட விளிம்பு கூர்மையாக இருக்கும். அச்சில் வார்த்த விளிம்பு மழுங்கி இருக்கும்.

வெட்டிய சரிவைப் பாருங்கள். பூச்சுப் பூச்சாக மெல்லிய வரிகள் தெரிந்தால் நல்லது.

ஒரே மாதிரி இரண்டு சிமிழ் இருந்தால் ஒப்பிடுங்கள். கையால் செய்ததில் இரண்டு பூ ஒன்றுபோல் இராது.

அடியில் பெரிய மனிதர் பெயர் இருக்கிறதே என்று மயங்காதீர்கள். ஜாங் செங் பெயரைப் பொய்யாகக் கீறியவர்கள் அந்தக் காலத்திலேயே உண்டு!

நல்ல சாமான் இருந்தால் வெயிலில் வைக்காதீர்கள். எண்ணெய் தடவாதீர்கள். உலர்ந்த மெல்லிய துணியால் துடைத்தால் போதும். மிகவும் உலர்ந்த இடத்தில் அரக்கு வெடிக்கும்.

வைத்திருக்கும் வீட்டுக்காரர் ஒரு காரியம் செய்யலாம். அந்தப் பெட்டி யார் கொண்டுவந்தது, எந்த ஊரிலிருந்து, எந்த ஆண்டில் என்று பாட்டியிடம் கேட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி உள்ளே போட்டு வைக்கலாம். செய்தவன் பெயர்தான் தெரியாமல் போயிற்று. கொண்டுவந்தவர் பெயராவது பேரப்பிள்ளைகளுக்குத் தெரியட்டும்.